ஹோண்டா ஈ.யூ. 30 ஐ.எஸ்.: அவசரத்தில் கைகொடுக்குமா, காலை வாருமா?

மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காக நாளை காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை மின்தடை என்று செய்தித்தாளின் மூலையில் ஓர் அறிவிப்பு வரும். ஆவடிப் பக்கத்து வீடுகளில் அதை எரிச்சலோடுதான் படிப்பார்கள். வீட்டில் ஜெனரேட்டர் வைத்திருப்பவர் மட்டும் அதைச் சந்தோஷமாகப் படிக்க வேண்டும். ஒத்திகைக்கு மின்வாரியமே நாள் குறித்துக் கொடுக்கிறது. ஆனால் அன்றைக்கு இன்வெர்ட்டர் ஃபேனைச் சுழற்றிக்கொண்டிருக்கும், ஜெனரேட்டர் படிக்கட்டின் கீழ் கோணியைப் போர்த்திக்கொண்டு தூங்கும். அதை யாராவது எழுப்பப் போவது புயல் எச்சரிக்கை வந்த பிறகுதான்.

ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையில் ஏரி நிரம்பும் பருவமும் கரண்ட் போகும் பருவமும் ஒன்று. இங்கே ஏராளமான வீடுகள் போர் தண்ணீரை நம்பியவை. கரண்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் மேல்தொட்டி காலி. தொட்டி காலியான வீட்டில் ஃபேன் ஓடாதது ஒரு குறையாகவே தெரியாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டபோது புறநகரின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் வந்தபோது வேறு மாதிரி. தேங்கிய தண்ணீரில் மின்சாரம் பாயும் ஆபத்தைக் கருதி இணைப்பை முன்கூட்டியே துண்டித்தார்கள். தண்ணீர் வடியாத தெருக்களுக்கு மின்சாரமும் வரவில்லை. டெல்டாக்காரர்களைக் கேட்டால் இதெல்லாம் சாதாரணம் என்பார்கள். 2018 நவம்பரில் கஜா அடித்த பிறகு அங்கே பல ஊர்களில் வாடகை ஜெனரேட்டரை வண்டியில் கொண்டுவந்து, மணிக்கணக்கில் பணம் கொடுத்துத்தான் தண்ணீர்த் தொட்டிகளை நிரப்பினார்கள்.

இந்த விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்ட ஹோண்டா ஈ.யூ. 30 ஐ.எஸ்., ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் (எச்.வி.எஃப்.) வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரின் கோவில்பதாகை வீட்டில் இருக்கிறது. பெட்ரோலில் ஓடும் 196 சிசி எஞ்சின், 13 லிட்டர் டேங்க், தொடர்ந்து 2.8 கே.வி.ஏ. மின்சாரம், கொஞ்ச நேரத்துக்கு 3. எடை அறுபது கிலோவை ஒட்டி. விலை லட்சத்தைத் தாண்டும். அந்தப் பணத்துக்கு முதலில் கிடைப்பது அமைதி. சாதாரண ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸ் கொடுக்க வேண்டுமானால் ஒரு பல்பு எரிந்தாலும் பத்து பல்பு எரிந்தாலும் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றியே ஆக வேண்டும். இது அப்படியில்லை. உள்ளே இருக்கும் இன்வெர்ட்டர் மின்னணுப் பலகை அதிர்வெண்ணைப் பார்த்துக்கொள்வதால், லோடு குறைந்தால் எஞ்சினும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. நாலைந்து ஃபேனும் விளக்கும் ஓடும்போது பக்கத்து வீட்டுக்காரரோடு மதில் மேல் சாய்ந்து குரலை உயர்த்தாமல் பேசலாம். கல்யாண ஊர்வலத்தில் டியூப்லைட் வரிசைக்குப் பின்னால் வண்டியில் தள்ளிக்கொண்டு வருவார்களே, பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் பழைய மாடல், அந்தச் சத்தத்தை நினைத்துக்கொண்டு வருகிறவர் இதன் முன் நின்றால் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பார்.

சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகிறது. வீட்டிலிருக்கும் பெரியவர்கள் கயிறு இழுக்க வேண்டியதில்லை. பேட்டரி இறங்கிவிட்டால் இழுக்கக் கயிறும் உண்டு. ஃபிரிட்ஜ், டி.வி., ஆறு ஃபேன், வைஃபை, மிக்ஸி என்று ஒன்றொன்றாகப் போட்டபோது எதற்கும் அசரவில்லை. மின்சாரம் சுத்தமான சைன் அலையாக வருவதால் லேப்டாப்பும் தகராறு செய்யவில்லை, ஹாலில் இருக்கும் யு.பி.எஸ். பேட்டரியும் சார்ஜ் ஏறியது. மலிவான ஜெனரேட்டர்களில் யு.பி.எஸ். அந்தக் கரண்டை ஏற்காமல் முரண்டு பிடிப்பது வழக்கம்.

உண்மையான பரீட்சை போர் மோட்டார். ஒரு எச்.பி. என்பது 746 வாட் என்று பள்ளிக்கூடக் கணக்கு சொல்லும். மோட்டார் உள்ளே இழுப்பது அதைவிட அதிகம். கிளம்பும் அந்தக் கணத்தில் பல மடங்கு. இதில் ஈக்கோ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. எஞ்சினைத் தாழ்ந்த வேகத்தில் வைத்துப் பெட்ரோலை மிச்சப்படுத்துவது அதன் வேலை. அது ஆனில் இருக்கும்போது மோட்டாரைப் போட்டால் எஞ்சின் சுதாரித்து வேகம் எடுப்பதற்குள் ஓவர்லோடு சிவப்பு விளக்கு எரிந்துவிடும். அப்போது எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும், கரண்ட் மட்டும் வராது. விஷயம் தெரியாதவர் வயரிங்கைப் பிடுங்கிப் பார்த்து அரை நாளைக் கழிப்பார். செய்ய வேண்டியது இவ்வளவே: எஞ்சினை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்து, ஈக்கோவை ஆஃப் செய்து, ஃபிரிட்ஜ் உட்பட மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் போட வேண்டும். ஒரு எச்.பி. மோட்டார் அப்படிக் கிளம்பிவிட்டது. ஒன்றரை எச்.பி. சப்மெர்சிபிள் வைத்திருப்பவர்கள், வீட்டில் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லாமல் இதை வாங்கக் கூடாது.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். முழு லோடில் ஒரு டேங்க் சுமார் 7 மணி நேரம், கால் லோடில் ஏறக்குறைய 20 மணி நேரம் என்பது நிறுவனக் கணக்கு. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் முழு லோடில் ஒரு யூனிட் 65 ரூபாய்க்குப் பக்கம் வருகிறது. நாலு ஃபேனுக்காக ஓட்டினால் யூனிட் 90-ஐத் தாண்டும். வீட்டு இணைப்புக்கு முதல் நூறு யூனிட்டை இலவசமாகத் தரும் மாநிலத்தில் இந்தக் கணக்கு வயிற்றைக் கலக்கும். ஆகவே, இதை நாள் முழுக்க ஓட்டுவது புத்திசாலித்தனம் அல்ல. காலையில் ஒரு மணி நேரம் ஓட்டித் தொட்டியை நிரப்பி, ஃபிரிட்ஜைக் குளிர வைத்து, யு.பி.எஸ். பேட்டரிக்கு உயிர் கொடுத்துவிட்டு அணைத்துவிட வேண்டும். மாலையில் இன்னொரு முறை.

இதுவரை சொன்னது, ஸ்டார்ட் ஆகிற ஜெனரேட்டரைப் பற்றி. தேவைப்படும் நாளில் ஸ்டார்ட் ஆகாமல் போவதுதான் வீட்டு ஜெனரேட்டர்களின் பெரிய வியாதி. அது ஓடித் தேய்ந்து வருவதல்ல, சும்மா கிடப்பதால் வருவது.

மாதக்கணக்கில் டேங்கில் கிடக்கும் பெட்ரோலில் எளிதில் பற்றிக்கொள்ளும் லேசான பகுதி ஆவியாகிப் போகும். மிச்சம் பிசினாகி, கார்புரேட்டரில் தலைமுடி கனத்துக்கு ஓட்டையுள்ள ஜெட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். சோக்கைப் போட்டால் பிடிக்கும், சோக்கை எடுத்தால் அணைந்துவிடும். அறிகுறியைக் கேட்டதுமே ‘ஜெட் அடைப்பு’ என்று மெக்கானிக் சொல்லிவிடுவார். இது பழைய கதை. இப்போது ஈ20 சேர்ந்துகொண்டது. 2025-இல் நாடு இருபது சதவீத எத்தனால் கலப்பை எட்டிவிட்டது. பங்கில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். தினம் ஓடும் ஸ்கூட்டரில் பெட்ரோல் சில நாளில் தீர்ந்துவிடுவதால் பெரிய பாதிப்பு தெரியாது. ஏரிக்கரைக் காற்றில் ஆறு மாதம் பாதி டேங்கோடு நிற்கும் எஞ்சினில், ஈரம் அளவுக்கு மீறினால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியே பிரிந்து அடியில் தங்கும். எஞ்சின் முதலில் குடிப்பது அந்த அடியைத்தான். இதே மாடலின் வெளிநாட்டுக் கையேடுகள் எத்தனால் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. இங்கே வாங்குகிறவர் தன் கையேட்டில் ஈ20 பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பணம் கட்டுவதற்கு முன் படித்துவிட வேண்டும்.

டி-72 டாங்கிக்கு 780 குதிரைத்திறன் எஞ்சின் செய்யும் தொழிற்சாலை இருக்கும் ஊர் ஆவடி. எஞ்சின் தெரிந்த ஆட்கள் தெருவுக்குத் தெரு உண்டு. அப்படிப்பட்ட ஊரிலும் மழை நாளில் 196 சிசி எஞ்சின் முன்னால் குடும்பமே குடை பிடித்துக்கொண்டு நிற்கிறது என்றால் குறை அறிவில் இல்லை, வழக்கத்தில்.

இந்த வீட்டில் வழக்கம் ஒழுங்காக இருக்கிறது. மின்வாரியம் நிறுத்தும் நாளில் ஜெனரேட்டரை அரை மணி நேரம் ஓட்டுகிறார்கள், அதுவும் லோடு போட்டு. வெறுமனே ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பதில் பயனில்லை. ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் உள்ளே படிந்த ஈரம் போகும். கடைசியில் எரிபொருள் வால்வை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும் வரை விடுகிறார்கள். டேங்கில் எப்போதும் கொஞ்சம்தான். இருப்புப் பெட்ரோல் தனியாக, மூடி இறுகிய இரும்பு கேனில். அதை மாதாமாதம் ஸ்கூட்டரில் ஊற்றித் தீர்த்துவிட்டுப் புதிதாக வாங்கி வைக்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் பிளாஸ்டிக் கேனை நீட்டினால் பங்கில் தர மறுப்பார்கள், புயல் நாளில் வரிசையே நகராது. முதல் நாளுக்கான பெட்ரோல் முன்பே வீட்டில் இருக்க வேண்டும்.

ஆயில் கணக்கில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். முதல் மாற்றம் 20 மணி நேரத்தில் அல்லது ஒரு மாதத்தில், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மாதம் அரை மணி என்றால் வருடத்துக்கு ஆறு மணி நேரம்தான் ஓடுகிறது. நூறு மணி வரும் வரை காத்திருந்தால் பேரன் கல்லூரிக்குப் போய்விடுவான். காலண்டரைப் பார்த்து மாற்ற வேண்டும். அரை லிட்டருக்குச் சற்று மேல், 10டபிள்யூ-30. ஆயில் குறைந்தால் எஞ்சின் தானே நின்றுவிடும் பாதுகாப்பு இதில் உண்டு. அதையும் ரிப்பேர் என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். ஏர் ஃபில்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும், ஸ்பார்க் பிளக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் பேட்டரி சின்னது, மாதம் அரை மணி ஓட்டத்தில் முழுதாக ஏறாது. அவ்வப்போது தனி சார்ஜரில் போட வேண்டும்.

எங்கே வைப்பது என்பது கோவில்பதாகையில் எளிய கேள்வி அல்ல. தரையில் வைத்தால் வெள்ளம். 2015 டிசம்பரில் மணப்பாக்கத்தில் பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றின் ஜெனரேட்டர் அறைக்குள் அடையாற்று வெள்ளம் புகுந்ததை இந்த நகரம் மறக்கவில்லை. 2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் அவசர ஜெனரேட்டர்களைச் சுனாமி மூழ்கடித்ததும் அவை தாழ்வாக இருந்ததால்தான். மாடிக்குக் கொண்டுபோகலாம் என்றால் அறுபது கிலோ. இரண்டு ஆள் வேண்டும். மிக்ஜாமில் தெருவில் தண்ணீர் ஏறிய மட்டத்தைவிட ஒரு முழம் உயரமாக, காம்பவுண்டுக்குள் திறந்த இடத்தில் சிமெண்ட் மேடை கட்டி, சாரல் அடிக்காமல் மேலே தகரக்கூரை போடுவதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

வீட்டுக்குள், மூடிய போர்டிகோவுக்குள், ஜன்னலுக்கு அடியில் கூடவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே புகுந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் கண்டறிந்தார்கள். சத்தம் இல்லாத ஜெனரேட்டர் இந்த விஷயத்தில் இன்னும் மோசம், ஓடுவதே மறந்துபோகும்.

இணைப்பைப் பொறுத்தவரை சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு வயரிங்கோடு சேர்க்கக் கூடாது. இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரைச் சுவரிலுள்ள சாக்கெட்டில் செருகி வீடு முழுக்க விளக்கெரியவிடும் ‘ஐடியா’ சில எலக்ட்ரீஷியன்களிடம் உண்டு. அந்தக் கரண்ட் மீட்டர் வழியாகத் திரும்பிப்போய் வெளிக்கம்பியில் ஏறும். மழையில் கம்பம் ஏறியிருக்கும் லைன்மேன், லைன் செத்திருக்கிறது என்று நம்பித்தான் அதைத் தொடுவார்.

மாடியில் சோலார் போட்டாயிற்று, இனி ஜெனரேட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் கூடிவருகிறார்கள். மானியத்தில் பெரும்பாலும் பொருத்தப்படும் பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் சோலார், மின்வாரியக் கரண்ட் போனால் நல்ல வெயிலிலும் தானாக நின்றுவிடும். அதே லைன்மேனைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. 150 ஆம்பியர்-மணி பேட்டரியோடு ஒரு ஹோம் யு.பி.எஸ். வழக்கமான மின்வெட்டை வெகு எளிதாகத் தாண்டிவிடும், ஆனால் போர் மோட்டாரை அதனால் அசைக்க முடியாது.

ஆகவே தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. வாடகை வீட்டுக்காரருக்கும், மெட்ரோ லாரித் தண்ணீரும் சம்ப்பும் உள்ளவருக்கும், அடுக்குமாடியில் பொது ஜெனரேட்டர் இருப்பவருக்கும் இது வீண் செலவு, நல்ல யு.பி.எஸ். போதும். ஒரு எச்.பி. போரை நம்பிய தனி வீட்டுக்காரர், ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரில் இருக்கும் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பம், மருந்து ஃபிரிட்ஜ் வைத்திருக்கும் கிளினிக் ஆகியோருக்கு ஈ.யூ. 30 ஐ.எஸ். கொடுத்த காசுக்கு உழைக்கும். மாதம் அரை மணி நேரம் ஒதுக்க வீட்டில் ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள். வாங்குவதையும் புரட்டாசிக்குள் முடித்து, ஐப்பசி மழைக்கு முன் மேடையும் சேஞ்ச் ஓவரும் போட்டு, மோட்டாரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். புயல் சின்னம் உருவான பிறகு மெக்கானிக் போனை எடுக்க மாட்டார்.