பாசி மூடிய மாலை

வறுமையைப் படம் பிடிப்பது எளிது. வறியவரின் மானம் குலையாமல் படம் பிடிப்பது அரிது. சத்யஜித் ராயின் வங்காளப் படமான 'பதேர் பாஞ்சாலி'யை (1955) இந்த ஓர் அளவுகோலைக் கொண்டே இங்கு நாம் மதிப்பிட முற்படுகிறோம்.

இந்த அளவுகோலை நாமாகத் தேடிக் கொள்ளவில்லை. 1980ஆம் ஆண்டில் மாநிலங்களவை உறுப்பினராயிருந்த நடிகை நர்கிஸ், இந்தியாவின் ஏழ்மையை அயல்நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறார் என்று ராய் மீது குற்றஞ்சாட்டினார். இப்படமோ 1956இல் கான் திரைப்பட விழாவில் 'சிறந்த மனித ஆவணம்' என்னும் பரிசைப் பெற்றது. குற்றஞ்சாட்டியவரும் 'மதர் இந்தியா'வில் (1957) ஏழைத் தாயாக நடித்துப் பெரும்புகழ் ஈட்டியவர். ஆதலால் அவருடைய சொல்லை எள்ளி ஒதுக்குதல் முறையன்று. பிறர் பசியைக் காட்டிப் பெயர் தேடுவது பழிக்கத் தக்கதே. இப்படம் அதைத்தான் செய்கிறதா என்பதே வினா.

விபூதிபூஷண் பந்தோபாத்யாய் எழுதிய நாவலைத் தழுவியது இப்படம். ஹரிஹர், வருவாய் போதாத ஒரு புரோகிதர். அவர் மனைவி சர்வஜயா, மகள் துர்கா, மகன் அபு. இவர்களோடு ஒண்டிக்கொண்டு வாழ்பவள் இந்திர் என்னும் கூன்கிழவி. ஹரிஹருக்குத் தமக்கை முறை. கல்கத்தாவை அடுத்த போரால் என்ற சிற்றூரில், இடிந்து கிடந்த ஒரு வீட்டிலேயே பெரும்பகுதியைப் படமாக்கினார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவுக்கு இதுவே முதற்படம். கிழவியாக வரும் சுனிபாலா தேவிக்கு அப்போது வயது எண்பதை ஒட்டியிருந்தது.

நம்மை முதலில் உறுத்துவது கிழவியிடம் சர்வஜயா காட்டும் கடுமை. அடுக்களைப் பொருளைக் கிழவி எடுத்தால் அவளுக்குப் பொறுக்காது. நோயுற்றுத் திரும்பி வந்து, இந்த வீட்டிலேயே கண்மூட வேண்டுமென்று கேட்பவளை அவள் ஏற்பதில்லை. கிழவி தண்ணீரை மொண்டு குடிக்கிறாள். எஞ்சியதை ஒரு செடிக்கு ஊற்றிவிட்டு வெளியேறுகிறாள். மூங்கில் தோப்பில் அவள் உயிரற்றிருப்பதைக் காண்பவர்கள் குழந்தைகள்தாம்.

வேறொரு படமாயின் இவ்விடத்தில் சர்வஜயாவைக் கொடியவளாக்கி, நம் கண்ணீரைக் கிழவியின் பக்கம் திருப்பியிருக்கும். ராய் அவ்வாறு செய்யவில்லை. கணவன் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றபின் வீட்டுப் பாத்திரங்களை அயலார் அறியாமல் விற்பவளும், மழையில் நனைந்து காய்ச்சலில் கிடக்கும் மகளின் அருகே புயலிரவு முழுதும் விழித்திருப்பவளும் இதே சர்வஜயாதான். பசியினும் கொடிது, பசிக்கு அஞ்சி ஈரநெஞ்சும் இறுகிப் போவது. அதைக் கண்ட நாம் அவளை வெறுக்க முடியாமல், நம் வீட்டு அடுக்களைகளையும் அங்கே ஒண்டியிருந்த முதியவர்களையும் எண்ணிப் பார்க்கிறோம்.

துர்கா இறந்த செய்தி அறியாமல் ஹரிஹர் திரும்புகிறார். வாங்கி வந்தவற்றை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். சர்வஜயா வாய் பேசாதிருக்கிறாள். மகளுக்கென்று வாங்கிய புடவையை அவர் நீட்டியதும் அவள் உடைந்து போகிறாள். ஆனால் அவளுடைய குரல் நமக்குக் கேட்பதில்லை; அதற்கு மாறாக தார் ஷெனாயின் ஓலமே ஒலிக்கிறது. ஒரு தாயின் கதறலைக் கேளிக்கைக்கு வந்தவன் காதில் போட மனமில்லாத நாணம் அது என்றே நாம் கொள்கிறோம்.

அந்த நாணம் நிறைவு பெறுவது இறுதியில். அயல்வீட்டு மணிமாலையைத் துர்கா திருடியதாக முன்பு பழி எழுந்தது. தாய் அவளைத் தலைமயிரைப் பற்றி இழுத்து வெளியே தள்ளினாள். ஊரைவிட்டுப் புறப்படும் வேளையில் அந்த மாலை அபுவின் கையில் அகப்படுகிறது. அவன் யாரிடமும் சொல்வதில்லை. ஓடிச்சென்று குளத்தில் எறிகிறான். விலகிய பாசி மெல்லக் கூடி, அந்த இடத்தை மூடிவிடுகிறது. இறந்தவளின் குறையை அவள் தம்பி மறைத்துவிட்டான். அத்துணைச் சிறு வயதில் குடும்ப மானம் இன்னதென்று அவனுக்கு யார் கற்பித்தார்?

குறையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. பழைய கடனுக்காகக் கைவிட்டுப் போன தோட்டத்தைப் பற்றிப் பேச்சு வருகிறது. அந்தக் கடன் எத்தகையது, இவர்களை ஏழைகளாகவே வைத்திருப்பது எது என்பதைப் படம் தொடர்ந்து கேட்கவில்லை. வீட்டுக்குள் அவ்வளவு கூர்மையாய்ப் பார்க்கும் கண், வேலிக்கு அப்பால் சற்றே சோர்ந்துவிடுகிறது. நர்கிஸின் குறையை இவ்வாறு மாற்றிக் கேட்டிருந்தால் அதற்கு வலு இருந்திருக்கும்.

ஏற்றுமதி என்ற பழியோ நிற்காது. விற்பவன் சரக்கைக் கடைமுன் விரித்து வைப்பான். இங்கோ தாயின் அழுகை மறைக்கப்படுகிறது. மகளின் களவு குளத்தின் அடியில் கிடக்கிறது. ஏழைகள் மறைக்க விரும்பியதைத் தானும் மறைத்துக் காத்த ஒரு படத்தை, வறுமையை விற்ற படமென்று நாம் எப்படிச் சொல்வது?