பன்னிரண்டு கம்பியில் கமகம் எங்கே? – பழைய குறிப்புக்கு ஒரு திருத்தம்

எட்டு வருஷத்துக்கு முன்னாடி இங்கே பன்னிரண்டு கம்பி கிட்டார் பற்றி ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். புதுசா வாங்கின ஜோர். "மேற்கத்தியக் கம்பி வாத்தியங்களில் நம் சங்கீதத்துக்கு மிக நெருக்கமானது இதுதான்" என்று முடித்திருந்தேன். அந்த வரியை நம்பி இரண்டு நண்பர்கள் ஆளுக்கொன்று வாங்கினார்கள். ஒருத்தருடையது இன்று பரண்மேல் இருக்கிறது. இன்னொருத்தர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கிட்டாரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறார். அந்தப் பாவத்துக்குப் பரிகாரம் இந்தக் கட்டுரை.

தப்பு எனக்குப் புரிந்தது போன நவராத்திரியில். என் பெண் முகப்பேர் கிழக்கில் ஒரு டீச்சரிடம் வீணை கற்றுக்கொள்கிறாள். கொலு பார்க்க வந்த டீச்சரிடம் பெருமையாகக் கிட்டாரை எடுத்து வாசித்துக் காட்டினேன். "நல்லா கணகணன்னு இருக்கு சார். சுருதிப் பெட்டி போட்ட மாதிரி. இதுல கமகம் எப்படிப் போடுவீங்க?" என்றார். ஒரு காந்தாரத்தை இழுத்து அசைத்துக் காட்டினேன். டீச்சர் மரியாதையாக "ம்ம்" என்றார். அப்புறம் சுண்டல் நல்லா இருக்கு என்றார். அந்த "ம்ம்"மைப் பத்து மாசமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் வாத்தியத்தைப் பார்த்துவிடுவோம். பன்னிரண்டு கம்பி என்றால் பன்னிரண்டு தனித்தனி ஸ்வரம் கிடையாது. சாதாரண கிட்டாரின் ஆறு கம்பிகளுக்கும் ஆளுக்கொரு ஜோடி, அவ்வளவுதான். மேலே இருக்கும் மெல்லிய இரண்டு கம்பிகளுக்கு ஜோடி அதே ஸ்வரம். கீழே நான்குக்கும் ஜோடி ஒரு ஸ்தாயி மேலே. இதில் ஒரு வேடிக்கை, 'ஜி' கம்பியின் ஜோடிதான் கிட்டாரிலேயே உச்ச ஸ்வரம். முதல் கம்பியைவிடவும் மேலே. தலைமுடி மாதிரி மெல்லிசு. முதலில் அறுவதும் அதுதான். வாங்குகிறவர்கள் அந்த ஒரு கம்பியை மட்டும் உதிரியாக நாலு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இழுவிசையும் சும்மா இல்லை. மெல்லிய செட் போட்ட ஆறு கம்பி கிட்டாரின் பிரிட்ஜில் ஏறக்குறைய 75 கிலோ இழுக்கும். பன்னிரண்டு போட்டால் 110 கிலோவைத் தொடும். நவம்பர் மழையில் முகப்பேர் ஃப்ளாட்டின் சுவரே ஈரம் குடிக்கும்போது மரம் என்ன ஆகும்? நான் எப்போதும் ஒரு முழு ஸ்வரம் இறக்கித்தான் வைத்திருக்கிறேன்.

ஒரே ஸ்வரத்துக்குச் சேர்த்த இரண்டு கம்பிகள் ஒருபோதும் அச்சு அசலாகச் சேராது. ஒன்று விநாடிக்கு 330 தடவை அதிர்ந்து மற்றது 331 தடவை அதிர்ந்தால், விநாடிக்கு ஒரு தடவை ஒலி ஏறி இறங்கும். இந்த அலைதான் கிட்டாரின் அந்த மினுமினுப்பு. தம்பூராவின் நடு இரண்டு கம்பிகளும் ஒரே ஷட்ஜம்தானே, அங்கேயும் இப்படி ஒரு உயிர் இருக்கிறதே, அப்ப இது நம்ம வாத்தியம்தான் – இதுதான் என் பழைய வாதம். துணைக்குச் சரித்திரத்தையும் இழுத்திருந்தேன். 1964இல் பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் ரிக்கன்பேக்கர் பன்னிரண்டு கம்பி வாசித்தார்; அடுத்த வருஷமே சிதார் வாசித்தார். அவர் கையில் அந்தக் கிட்டாரைப் பார்த்துத் தானும் ஒன்று வாங்கிய ரோஜர் மெக்வின், பேர்ட்ஸ் குழுவின் 1966 'எய்ட் மைல்ஸ் ஹை'யில் கோல்ட்ரேனையும் ரவிசங்கரையும் கேட்ட பாதிப்பில் வாசித்தார். ஆக பன்னிரண்டு கம்பி, சிதாருக்குப் போகும் வழி என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

இது பாதி உண்மை. மினுமினுப்பு உண்மை. ஆனால் தம்பூராவில் யாரும் ராகம் வாசிப்பதில்லை!

ராகம் வாசிக்க ஸ்வரம் அசைய வேண்டும். மெட்டு உள்ள வாத்தியத்தில் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் அசைக்கிறோம். ஜோடிக் கம்பியை இழுத்தால் என்ன ஆகும்? ஸ்தாயி ஜோடியில் ஒன்று வெண்கலம் சுற்றிய தடிமனான கம்பி, மற்றது வெறும் எஃகு. ஒரே தூரம் இழுத்தாலும் இரண்டும் ஒரே அளவு ஏறாது. ஒரே ஸ்வர ஜோடியில் தியரிப்படி சேர்ந்து ஏறணும்; ஆனால் விரல் முதலில் தொடும் கம்பி கொஞ்சம் அதிகமாகவும் அடுத்தது கொஞ்சம் குறைவாகவும் நகரும். டீச்சர் போன பிறகு ஃபோனில் பதிவு செய்து, பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதிப் பார்த்தேன். அசைக்காத ஸ்வரத்தில் ஒரே கோடு மாதிரித் தெரிந்தது, இழுத்ததும் இரண்டு கோடாகப் பிரிந்து, திரும்பி வரும்போது ஒட்டிக்கொண்டது. கமகத்தின் உயிரே அந்த வளைவில்தான் இருக்கிறது. என் கிட்டாரில் அந்த இடத்தில் மட்டும் இரண்டு பேர் ஆளுக்கொரு சுருதியில் பாடுகிறார்கள். டீச்சர் "ம்ம்" என்றது அதைக் கேட்டுத்தான்.

இந்தக் கணக்கை நமக்கு முன்னாடியே போட்டு விடை எழுதியவர் ஒருவர் இருக்கிறார்: மாண்டலின் யூ. ஸ்ரீனிவாஸ். அவரை வியந்து எழுதியவர்கள் ஏராளம். சின்னப் பையன், வெளிநாட்டு வாத்தியம், வேகம் என்று. எனக்கு முக்கியமாகப் படுவது அவர் கழற்றிப் போட்டது. மாண்டலினும் ஜோடி வாத்தியம்தான். எட்டுக் கம்பி, நாலு ஜோடி. ஸ்ரீனிவாஸ் ஜோடிகளை எடுத்துவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகள் போட்ட எலக்ட்ரிக் மாண்டலினை வாசித்தார். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது; அவர் பாடுவார், பையன் அதை வாத்தியத்தில் தேடுவான். பாட்டைத் தேடுகிறவனுக்கு ஒரு தொண்டைதான் வேண்டும். இரண்டாவது கம்பி அங்கே இடைஞ்சல்.

இதில் மின்சாரத்தின் பங்கைக் கவனிக்கணும். மாண்டலினில் ஜோடி எதற்கு? சின்ன உடம்பு, சத்தம் போதாது, நாதம் சட்டென்று செத்துவிடும். அதை ஈடுகட்டத்தான் இரட்டிப்பு. பிக்கப்பும் ஆம்ப்ளிஃபயரும் வந்துவிட்டால் அந்த வேலைக்கு ஜோடி தேவையில்லை. "எலக்ட்ரிக்கா, சாஸ்திரீயத்துக்கா?" என்று மூக்கைச் சுளித்தவர்கள் கவனிக்காத விஷயம் இது: அந்த வாத்தியத்தைக் கமகத்துக்குக் கொண்டுவந்ததே மின்சாரம்தான் என்பது என் வாசிப்பு.

அதே கணக்கை எதிர்த் திசையிலிருந்து போட்டவர் ஜான் மெக்லாக்லின். மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா நாட்களில், 1971–73இல், அவர் கையில் இரட்டைக் கழுத்து கிப்ஸன். ஒரு கழுத்தில் பன்னிரண்டு கம்பி, மற்றதில் ஆறு. பன்னிரண்டில் கார்டுகளைப் பிரித்துப் பிரித்து மீட்டுவார். ஸோலோ வந்தால் கை ஆறுக்குத் தாவிவிடும். பிறகு அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். 'சக்தி' குழு வந்ததும் அவருக்காக கிப்ஸனில் ஏப் வெக்டர் ஒரு கிட்டார் செய்தார். வாசிக்க ஆறு ஒற்றைக் கம்பிகள். ஒலித்துளைக்குக் குறுக்கே சாய்வாக ஏழு ரீங்காரக் கம்பிகள். விரல் அழுந்த இடம் கிடைப்பதற்காக மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்த பலகை. பதின்மூன்று கம்பி. எண்ணிக்கையில் என் கிட்டாரைவிட ஒன்று கூட, அமைப்பில் நேர் எதிர்.

என் பெண்ணின் வீணையைப் பார்த்தால் அந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். மெழுகில் பதித்த 24 மெட்டுகளுக்கு மேலே நான்கு கம்பி, சாரணியிலிருந்து அனுமந்தரம் வரை. பக்கத்தில் மூன்று தாளக் கம்பிகள். அசைவது ஒரு இடத்தில், அசையாமல் ஒலிப்பது வேறு இடத்தில். நாகஸ்வரத்துக்கு ஒத்து, பாட்டுக்குத் தம்பூரா. நம்ம ஊரில் சுருதிக்கு எப்போதும் தனி ஆள். பன்னிரண்டு கம்பி கிட்டார் அந்த ஆளையும் பாடகரையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டது.

சந்தேகம் இருப்பவர்கள் ஒரே பாட்டை இரண்டு பதிவில் கேட்டுப் பார்க்கலாம். 'லோட்டஸ் ஃபீட்', மெக்லாக்லின் அமைத்தது. 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் சவுத்ஹாம்ப்டன் கல்லூரிக் கச்சேரியில் பதிவான 'சக்தி'யின் முதல் ஆல்பத்தில் இருக்கிறது, அங்கே எல். சங்கரின் வயலின். பிறகு 1999 பயணத்தில் பதிவாகி 2000இல் வெளிவந்த 'ரிமெம்பர் சக்தி'யின் 'தி பிலீவர்' ஆல்பத்தில் வருகிறது, அங்கே ஸ்ரீனிவாஸ். மெதுவான பாட்டு, வேகத்துக்குப் பின்னால் ஒளிய முடியாது. வயலினுக்கு வில் இருக்கிறது, ஸ்வரத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிடித்து வைக்கலாம். மாண்டலினில் மீட்டின கணத்திலிருந்து நாதம் இறங்கத் தொடங்கிவிடும். ஸ்ரீனிவாஸ் அந்த இறங்கும் நாதத்தை வளைத்துக்கொண்டே போகிறார். எனக்கு இரண்டாவதுதான் ஒரு படி மேல். அணையப் போகும் விளக்கைக் கையால் மறைத்து எடுத்துப் போகிற ஜாக்கிரதை அதில் இருக்கிறது. அந்தக் கம்பிக்கு ஒரு ஜோடி இருந்திருந்தால் அந்த வளைவு கலங்கியிருக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்த இரண்டாவது அவதாரத்தில் மெக்லாக்லினிடம் ரீங்காரக் கம்பிகள் இல்லை; சாதாரண எலக்ட்ரிக் ஜாஸ் கிட்டார். அவர் ரீங்காரத்தை விட்டார், வளையும் ஒற்றைக் கம்பியை விடவில்லை. என் பழைய குறிப்பு ரீங்காரத்தைத்தான் இந்தியத்தன்மை என்று கொண்டாடியது. அடிப்படையே தலைகீழ்.

ஆட்சேபம் வரும். அரபு நாடுகளின் ஊத் வாத்தியத்தில் ஜோடிக் கம்பி இல்லையா, அதில் எவ்வளவு நுணுக்கமான ஸ்வரம்? நியாயம். ஆனால் ஊத்தில் மெட்டு கிடையாது. விரல் கம்பியின் நீளவாக்கில் சறுக்குகிறது, இரண்டும் சேர்ந்தே நகரும். ஜார்ஜியாவின் பிளைண்ட் வில்லி மெக்டெல் பன்னிரண்டு கம்பியில் ஸ்லைடு வைத்து வாசித்ததும் அதே வழிதான். ஆகவே திருத்தத்தைச் சரியாகச் சொல்கிறேன்: பன்னிரண்டு கம்பி கிட்டாரில் ஜாரு வரும், கம்பிதம் வராது. தோடி வாசிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு அது போதாது.

அப்போ விற்றுவிட்டேனா? இல்லை. கார்டு பிடித்து மீட்டினால் இன்றைக்கும் ஹால் நிறைகிறது. அந்த வேலைக்காகவே பிறந்த வாத்தியத்தை வேறு வேலைக்கு எடுத்தது என் தப்பு. ஆனால் போன மாசம் ஒரு சோதனை செய்தேன். மேல் இரண்டு ஜோடிகளிலும் ஒவ்வொரு கம்பியைக் கழற்றிவிட்டு, மீதிப் பத்தை ச, ப, ச, ம, ப, ச என்று சேர்த்தேன். கீழே நான்கு ஜோடியும் ரீங்காரம், மேலே இரண்டும் ஒற்றை. மெட்டு மெட்டுதான், மெழுகு இல்லை. வீணை அளவுக்கு இழுக்க வராது. ஆனால் நிரலில் கோடு பிரியவில்லை.

சனிக்கிழமை பெண்ணைக் கூட்டிவர டீச்சர் வீட்டுக்குப் போனபோது ஃபோனில் இருந்த பதிவைப் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். "இப்ப சரியா இருக்கு சார். காந்தாரத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் கீழேர்ந்து எடுங்க" என்றார். எட்டு வருஷத்தில் என் கிட்டாருக்குக் கிடைத்த முதல் திருத்தம் அது. அசையாத ஸ்வரத்தை யாரும் திருத்த மாட்டார்கள்.

பரண்மேல் கிட்டார் வைத்திருக்கும் நண்பருக்கு: எறக்குங்க. ரெண்டு கம்பியைக் கழற்ற நான் வர்றேன்.