ஸ்கூபா பேக்கேஜில் எழுதாமல் விட்ட 18 மணி நேரம்

அந்தமானுக்கு 'நாலு நாள், மூணு ராத்திரி' என்று வரும் பயணத் திட்டங்களைக் கொஞ்ச நாளாகச் சேர்த்து வைத்துப் படிக்கிறேன். வாட்ஸப்பில் வருபவை, யூடியூப் வீடியோவுக்குக் கீழே ஒட்டியிருப்பவை, டிராவல்ஸ் கடை நோட்டீஸ் எல்லாம்தான். இதையும் ஒரு இலக்கிய வகை மாதிரி படிக்கலாம். கட்டுமானம் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் நாள் சென்னையிலிருந்து விமானம், செல்லுலார் ஜெயில், ஒலி ஒளிக் காட்சி. இரண்டாம் நாள் படகில் ஹேவ்லாக் (2018 கடைசியிலிருந்து அரசுப் பெயர் ஸ்வராஜ் தீவு). மூன்றாம் நாள் ஸ்கூபா, சாயங்காலப் படகில் போர்ட் பிளேர். நாலாம் நாள் காலை விமானம். சாப்பாடு சைவமா அசைவமா என்பது வரைக்கும் எழுதியிருக்கும். கடலுக்கடியில் போய் வந்தவர் எத்தனை மணி நேரம் கழித்து விமானம் ஏறலாம் என்ற ஒரு வரி மட்டும் இருக்காது.

அந்த ஒரு வரி ஏன் முக்கியம் என்று முதலில் பார்த்துவிடலாம்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டரில் தரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. 18 மீட்டரில் 2.8 மடங்கு. சிலிண்டர் தரும் காற்றும் அதே அழுத்தத்தில்தான் நுரையீரலுக்குள் போகும். காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். உடம்பு அதைப் பயன்படுத்துவதில்லை. ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து தங்கும். மேலே வந்த பிறகு மூச்சு வழியாக மெதுவாக வெளியேறும். அவசரப்படுத்தினால் குமிழியாகும். கோலி சோடாவில் கோலியைத் தட்டியதும் என்ன நடக்குது? கரைந்திருந்த வாயு அழுத்தம் குறைந்ததும் நுரைத்து வருது. உடம்பிலும் அதேதான். மூட்டு வலி, மரத்துப்போதல், தலைசுற்றல், மோசமானால் பக்கவாதம்.

ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை வைத்துச் சோதனை செய்து, படிப்படியாக மேலே வரும் அட்டவணையை 1908-லேயே வெளியிட்டுவிட்டார். அதனால் நீருக்குள்ளிருந்து மெதுவாக மேலே வரணும் என்பது பயிற்சியாளர் எல்லோருக்கும் தெரியும். சுற்றுலாக்காரருக்குத் தெரியாதது, விமானம் ஏறுவதும் ஒரு 'மேலே வருதல்'தான் என்பது. விமானத்துக்குள் தரையில் இருக்கும் அழுத்தம் இருப்பதில்லை. 8,000 அடி, அதாவது சுமார் 2,400 மீட்டர் உயர மலை மேல் இருக்கும் அழுத்தம் வரைக்கும் இறங்கலாம். தரையில் இருப்பதில் சுமார் முக்கால் பங்கு. சோடா பாட்டிலை இன்னொரு முறை திறக்கிற மாதிரி.

இதற்காக டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பு 2002-ல் நிபுணர்களைக் கூட்டி ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. ஒரே ஒரு முறை இறங்கியவர் குறைந்தது 12 மணி நேரம் கழித்துப் பறக்கலாம். ஒரே நாளில் பல முறை, அல்லது அடுத்தடுத்த நாட்களில் இறங்கியவர் குறைந்தது 18 மணி நேரம். வழியில் கட்டாயமாக நின்று நின்று மேலே வர வேண்டிய ஆழமான டைவ் என்றால் அதைவிடக் கணிசமாகக் கூடுதல். இந்தக் கணக்கில் வம்பு வேண்டாம் என்று 24 மணி நேரமே வைத்துக்கொள்பவர்கள் நிறைய.

இந்த அளவுகோலை அந்த நோட்டீஸ் மேல் வைத்துப் பார்ப்போம். காலை 10 மணிக்கு ஒரே டைவ் முடித்தவர், மறுநாள் காலை 7 மணி விமானம் என்றால் 21 மணி நேரம் ஆகியிருக்கும். கவலையில்லை. அதே ஆள் 'இவ்ளோ தூரம் வந்துட்டோம், இன்னொரு டைவ் போட்டுடலாம்' என்று மதியம் 2 மணிக்கு மேலே வருகிறார் என்று வையுங்கள். இப்போது இடைவெளி 17 மணி நேரம், விதியோ 18. சான்றிதழ் படிப்பு முடிக்கப் போனவர் நிலைமையும் இதேதான். கடைசி இரண்டு நாளும் தண்ணீரிலேயே இருந்திருப்பார்.

ஆக, பெரும்பாலானவர்கள் தப்பித்துத்தான் வருகிறார்கள். ஆனால் அவர்களைக் காப்பாற்றுவது திட்டம் போட்டவரின் அறிவு இல்லை. நடுவில் இருக்கும் படகு. ஹேவ்லாக்கில் விமான நிலையம் இல்லாததால் ஒரு ராத்திரி தானாகக் கிடைத்துவிடுகிறது. தற்செயலாகக் கிடைக்கும் பாதுகாப்பை ஏற்பாடு என்று சொல்ல முடியாது. மாலத்தீவு போகிறவருக்கு அந்தப் படகுகூட இல்லாமல் போகலாம். கடல் விமானம் ரிசார்ட் வாசலுக்கே வரும், அதுவும் விமானம்தான்.

விமானம் இல்லாவிட்டாலும் விட்டபாடில்லை. ராமேஸ்வரம் பக்கம் கடலில் இறங்கிவிட்டு அன்றைக்கு ராத்திரியே வண்டி பிடித்தால் விடியும்போது கொடைக்கானல். அதன் உயரம் சுமார் 2,100 மீட்டர். உடம்புக்கு அது விமானத்துக்குள் உட்கார்ந்த மாதிரிதான். ஊட்டி அதைவிட உயரம். தொட்டபெட்டா 2,637 மீட்டர், விமானத்தையே தாண்டிவிடும். கர்நாடகத்தில் நேத்ராணித் தீவில் இறங்கிவிட்டு மலை ஏறி பெங்களூர் திரும்புகிறவர்களுக்கும் கணக்கு உண்டு. புதுச்சேரியில் இறங்கிவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை வருபவருக்கு இந்தத் தொல்லை கிடையாது.

இவ்வளவு நேரடியான விஷயத்தை ஏன் யாரும் எழுதுவதில்லை? ஒரு காரணம், ஸ்கூபாவை நாம் கதையாகப் பார்க்கப் பழகியது என்று நினைக்கிறேன். 2011-ல் வந்த 'ஜிந்தகி நா மிலேகி தோபாரா' இந்தியாவில் ஸ்கூபா ஆசையைப் பரப்பிய படம். அதில் டைவிங் என்பது பயத்தை ஜெயிப்பது. அதற்குப் பிறகு வந்த வீடியோக்களும் அதே அச்சுதான்: முதலில் நடுக்கம், பிறகு மீன்கள், கடைசியில் கண்ணீரும் கட்டைவிரலும். (தண்ணீருக்குள் கட்டைவிரலைத் தூக்கினால் 'மேலே போகணும்' என்று அர்த்தம், அது வேறு கதை.) தைரியம் வேண்டியதுதான். ஆனால் டைவிங்கில் ஆளைக் காப்பாற்றுவது தைரியம் இல்லை, கடிகாரம். கடிகாரத்தை வைத்து ரீல்ஸ் எடுக்க முடியாதே!

'ஆறு மீட்டர்ல அரை மணி நேரம், கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறோம், இதுக்குப் போய் பயமுறுத்தறீங்களே' என்று தொழிலில் இருப்பவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த ஆழத்தில் ஆபத்து ரொம்பக் குறைவு. ஆனால் அடுத்த வருஷம் 18 மீட்டர், 30 மீட்டர் போகப் போவதும் அதே ஆள்தான். முதல் முறையே 12 மணி நேரம் என்று சொல்லிக் கொடுத்தால்தானே அது பழக்கமாகும்?

இது சுற்றுலாக்காரருக்கு மட்டுமான விஷயமும் இல்லை. ஹோண்டுராஸில் மிஸ்கிட்டோ மக்கள், கம்பெனிகளுக்காகக் கடலடியில் சிங்கி இறால் பிடிக்க மோசமான கருவிகளோடு திரும்பத் திரும்ப இறங்கி முடமானார்கள், பலர் செத்தார்கள். 2021-ல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் அந்த அரசைப் பொறுப்பாளி என்றது. நம் பக்கம் தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்களில் கம்ப்ரசர் குழாயில் காற்று வாங்கி இறங்குபவர்கள் உண்டு. ஒரே மூச்சில் இறங்கி ஏறிய அப்பா தலைமுறையின் அனுபவம் இந்தக் கணக்குக்குப் போதாது. காசு கொடுத்து இறங்குகிறவருக்கே ஒரு வரி எழுதாத இடத்தில், காசுக்காக இறங்குகிறவருக்கு யார் எழுதப் போகிறார்கள்?

நல்ல திட்டம் எப்படி இருக்கணும்? இதே நோட்டீஸைத் தலைகீழாகத் திருப்பினால் போதும். பறந்துவிட்டு டைவ் செய்வதில் இந்த ஆபத்து இல்லை. களைப்பும் தாகமும் தீர்ந்தால் போதும். ஆகவே இறங்கியதும் நேராக ஹேவ்லாக். முதல் நாட்களில் டைவ். செல்லுலார் ஜெயில், மியூசியம், கடைத்தெரு எல்லாம் கடைசி நாளுக்கு. ஜெயில் எங்கும் ஓடிவிடாது. காப்பீட்டில் டைவிங் சேர்ந்திருக்கா, பக்கத்தில் ரீகம்ப்ரஷன் அறை எங்கே, படகில் ஆக்சிஜன் இருக்கா என்ற மூன்று கேள்விகளை முன்பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். சளி இருந்தால் இறங்க வேண்டாம்.

காசிமேட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், பிள்ளைகளுக்கும் லீவு; போட் கரையில் நிற்கும்போதுதான் குடும்பத்தோடு போக முடியும். ஆனால் மே மூன்றாவது வாரத்தை ஒட்டி அந்தமானில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். அதனால் அந்த இரண்டு மாதத்தில் முதல் நாலு வாரம்தான் உருப்படி. இன்னொன்று, பக்கத்துத் துறைமுகத்திலிருந்தே போர்ட் பிளேருக்குப் பயணிகள் கப்பல் போகிறது. சுமார் மூன்று நாள் ஆகும், தினமும் கிடையாது. ஆனால் கப்பல் கடல் மட்டத்தை விட்டு ஏறுவதில்லை. அதில் திரும்புகிறவர் கடைசி நாள் மதியம்கூடக் கடலில் இறங்கலாம்.

அடுத்த முறை யாராவது பேக்கேஜ் அனுப்பினால் விலையைப் பேசும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'கடைசி டைவ் எத்தனை மணிக்கு முடியும், விமானம் எத்தனை மணிக்கு?' பதில் சொல்லத் தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள்.