முகம் அளக்கும் கருவி

சீன நாட்டின் ஹாங்சோ நகரிலுள்ள 11ஆம் எண் உயர்நிலைப் பள்ளி, 2018ஆம் ஆண்டில் கரும்பலகைக்கு மேலே படக்கருவிகளைப் பொருத்திற்று. அவை 30 விநாடிகளுக்கு ஒருமுறை மாணவரை ஆராய்ந்தன; படிக்கிறாரா, எழுதுகிறாரா, மேசைமீது சாய்ந்திருக்கிறாரா என்று குறித்தன; மகிழ்ச்சி, துயர், சினம், அச்சம் என மனநிலையையும் வகைப்படுத்தின. இதனைக் கல்வியின் வளர்ச்சி என்று போற்றுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை.

கருவிகளை நாம் வெறுப்பவரல்லோம். பின்னக் கணக்கின் எந்தப் படியில் பிள்ளை இடறுகிறான் என்பதை, அவன் எழுதிய விடைகளைக் கொண்டு கணினி காட்டுமாயின் ஆசிரியருக்கு அது பேருதவியே. விடை அவனே முன்வந்து தந்தது. முகத்தை அளக்கும்போதோ, அவன் தராததை எடுத்துக்கொள்கிறோம். எடுத்ததும் மெய்யென்பதற்கு உறுதியில்லை. லிசா ஃபெல்ட்மன் பாரெட் முதலிய ஐந்து அறிஞர்கள் 1000க்கு மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்து, முகக்குறியை மட்டும் கொண்டு மனநிலையைத் துணிந்துரைக்க இயலாதென 2019இல் எழுதினர். சினத்தாலும் புருவம் நெரியும், சிந்தனையாலும் நெரியும். கண்மூடி அசைந்தாடிக் குர்ஆனை மனனம் செய்யும் பிள்ளையை, உறங்குகிறான் என்று இக்கருவி எழுதாதென யார் பிணைநிற்பார்?

ஆசிரியரும் முகம் பார்ப்பவர்தாமே எனலாம். உண்மை. ஆனால், "ஏன் மகனே, முகம் வாடியிருக்கிறது?" என்று அவர் கேட்கிறார், பிள்ளையின் மறுமொழி அவர் எண்ணத்தைத் திருத்துகிறது. கருவி கேட்பதில்லை, எழுதிவைக்கிறது.

போர்க்களத்தில் கலிமா மொழிந்தவனை, உயிரச்சத்தால் சொன்னான் என்றெண்ணிக் கொன்ற உஸாமா (ரலி) அவர்களை, அவன் நெஞ்சைப் பிளந்து பார்த்தீரோ என்னும் கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்து வினவியதை நாம் அறிவோம். பிறர் அகத்தின்மேல் தீர்ப்புக் கூறத் துணிவோர்க்கு அது என்றைக்கும் பாடம்.

இப்னு கல்தூன், 1377இல் முடித்த முகத்திமாவில், கடுமையால் ஒடுக்கப்படும் மாணாக்கன் அகத்தில் ஒன்றும் புறத்தில் ஒன்றுமாக நடிக்கப் பழகுவான். நாளடைவில் அதுவே அவன் குணமாகும் என்று எச்சரித்தார். இடைவிடாத கண்காணிப்பும் ஓசையற்ற பிரம்பே. அதன் கீழ் பிள்ளை கற்பது பாடத்தையா, பாவனையையா?

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டம், மருத்துவத்திற்கும் பாதுகாப்பிற்கும் அன்றிக் கல்விக்கூடங்களில் உணர்வறியும் கருவிகளைத் தடைசெய்தது. 2025 பிப்ரவரி 2 முதல் அத்தடை நடைமுறைக்கு வந்தது. நம் பிள்ளைகளின் பள்ளிக்குப் புதிய கருவி வருமாயின், பெற்றோர் முதலில் கேட்கவேண்டியது ஒன்றே: இது விடையை அளப்பதா, முகத்தை அளப்பதா?