எல்லாமே ‘ரொம்ப காலத்துக்கு முன்னாடி’தானா?

தொல்லுயிர்களைப் பற்றிய பயிற்சித்தாள்களைப் புரட்டினால் ஒரே மாதிரிப் படம் திரும்பத் திரும்ப வரும். ஓரத்தில் புகை கக்கும் எரிமலை, அதன் அடியில் டைனோசர், பக்கத்திலேயே தோலாடை உடுத்திய குகை மனிதன், தூரத்தில் ஒரு மாமூத் யானை. மேலே தலைப்பு: ‘வரலாற்றுக்கு முந்தைய காலம்’. பிள்ளைங்க ஆசையாக வண்ணம் தீட்டுவாங்க. ஆனால் அந்த மனிதனும் அந்த டைனோசரும் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. கார்ட்டூன் செய்த குழப்பத்துக்கு நாம் பாடமாகவே முத்திரை குத்திக் கொடுக்கிறோம்.

குறை ஓவியரிடம் மட்டும் இல்லை. ‘வரலாற்றுக்கு முந்தைய’ என்ற சொல்லைக் கோணிப்பை மாதிரி பயன்படுத்துகிறோம். பழையது எதுவானாலும் உள்ளே போட்டுக் கட்டிவிடுகிறோம். நான்காம் ஆண்டு வரலாற்றில் அதற்குத் தெளிவான பொருள் உண்டு: எழுத்துப் பதிவுகள் வருவதற்கு முன் மனிதர்கள் வாழ்ந்த காலம். அறிவியல் வகுப்புக்கு வந்ததும் அதையே டைனோசருக்கும் ஒட்டுகிறோம். பிள்ளை என்ன செய்யும்? இரண்டும் ஒரே காலம் என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

நம் நாட்டிலேயே இரண்டு நல்ல சான்றுகள் இருக்கின்றன. ஒன்று, பேராக், லெங்கோங்கில் உள்ள குனோங் ருந்து குகையில் கிடைத்த பேராக் மனிதன். கால்களை மடக்கிய நிலையில் அடக்கம் செய்யப்பட்ட எலும்புக்கூடு. வயது ஏறக்குறைய 10,000 ஆண்டு. மற்றொன்று, 2012இல் பகாங்கில் கிடைத்து, 2014இல் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்த டைனோசர் பல். நீளம் இரண்டு சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் அது கிரிட்டேசியஸ் காலத்தது. அந்தக் காலமே முடிந்து 6.6 கோடி ஆண்டாகிறது.

10,000, 6.6 கோடி என்று பலகையில் எழுதினால் பிள்ளைகளுக்கு இரண்டுமே ‘பெரிய எண்’. எழுதாமல் திடலுக்கு அழைத்துப் போகலாம். விளையாட்டுப் போட்டிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்ட 100 மீட்டர் தடம் போதும். பத்து லட்சம் ஆண்டுக்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவுக்கோடுதான் இன்று. பேராக் மனிதன் அந்தக் கோட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி நிற்பார். ஒரு விரல் அகலம்கூட முழுசாக வராது. நம் மனித இனத்தின் வயதான சுமார் 3 லட்சம் ஆண்டும் பென்சில் பெட்டியில் கிடக்கும் 30 சென்டிமீட்டர் அடிக்கோலுக்குள் அடங்கிவிடும். பறவைகளை விட்டுவிட்டுப் பார்த்தால், கடைசி டைனோசரைச் சந்திக்க 66 மீட்டர் நடக்க வேண்டும். சிங்கப்பூர் லீ கொங் சியான் அரும்பொருளகத்தில் நிற்கும் மூன்று நீள்கழுத்து டைனோசர்களுக்குத் தடமே போதாது. அவை 150 மீட்டர் தாண்டி. லங்காவியின் மச்சின்சாங் பாறையில் கிடைத்த டிரைலோபைட்டுகளைப் பார்க்க, பள்ளிக் கதவைத் தாண்டி அரைக் கிலோமீட்டர் போக வேண்டும். அந்தப் பயிற்சித்தாள் செய்யாததை இந்த நடை செய்துவிடும்.

இன்னொரு குறையும் உண்டு. இது தமிழாசிரியர்களாகிய நம் பக்கத்துக் குறை. கருத்துணர்தல் பகுதிகளில் எல்லா வாக்கியமும் ‘வாழ்ந்தது, தின்றது, அழிந்தது’ என்று ஒரே உறுதியோடு முடிகிறது. பகாங்கில் கிடைத்தது பல் மட்டுமே. அதன் வடிவத்தையும் மேல்பூச்சில் உள்ள வரிகளையும் வைத்து அது ஸ்பைனோசோர் குடும்பத்துப் பல் என்று சொன்னார்கள். அந்தக் குடும்பம் மீன் தின்னக்கூடியது என்பது வேறு இடங்களில் கிடைத்த புதைபடிவங்களிலிருந்து தெரிந்தது. ஆகவே ‘பல் கிடைத்தது’, ‘மீன் தின்றிருக்கலாம்’ என்று இரண்டு வகையாக எழுத வேண்டும். தமிழில் இதற்கு வசதி நிறையவே இருக்கிறது: இருக்கலாம், என்று கருதப்படுகிறது, என்று தெரிகிறது. சிங்கப்பூர் டைனோசர்களையும் பாருங்க. இரண்டு பெரியவை, ஒரு சிறியது, அருகருகே கிடைத்தன. உடனே ‘அப்பா, அம்மா, பிள்ளை’ என்று எழுதிவிடத் தோன்றும். அருகருகே கிடைத்தது கண்டது. குடும்பம் என்பது ஊகம். தேர்வு எழுதும் மாணவர்கள் விளக்கக் கட்டுரையில் இந்த இரண்டையும் பிரித்து எழுதினால் கட்டுரையின் தரமே மாறும்.

‘புதைபடிவம்’ என்ற சொல்லுக்கும் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். நம் பிள்ளைகளுக்குப் படிவம் என்றால் இடைநிலைப்பள்ளி ‘படிவம் ஒன்று’, இல்லாவிட்டால் அலுவலகத்தில் நிரப்பிக் கொடுக்கும் தாள். புதைந்த பாரமா என்று கேட்டால் சிரிக்காதீர்கள், நியாயமான கேள்விதான். ஈரக் களிமண்ணில் ஒரு சிப்பியை அழுத்தி எடுத்து, விழுந்த பள்ளத்தைக் காட்டினால் ‘படிவம்’ ஏன் வந்தது என்று புரிந்துகொள்வார்கள். எலும்புக்கும் ஓட்டுக்கும் உள்ளே தாதுப்பொருள் ஊறி இறுகிக் கல்லாவது அதன் இன்னொரு வகை. பேராக் மனிதனை இந்தப் பட்டியலில் சேர்க்காமல் ‘எலும்புக்கூடு’ என்றே எழுதச் சொல்லலாம். வெப்பமும் ஈரமும் அமிலமும் சேர்ந்த நம் காட்டு மண்ணில் எலும்பு சீக்கிரம் கரைந்துவிடும். அவர் சுண்ணாம்புக்கல் குகையில் கிடந்தது நமக்கு நல்லதாகப் போயிற்று.