பாயிண்டா பேசுறாங்க, கேளுங்க

தேனிப் பக்கம் ஒருவர் வாதத்துக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு, ‘பாயிண்டா பேசுறாருப்பா!’ மேடைக்கு ‘ஆணித்தரம்’ என்றால் டீக்கடை பெஞ்சுக்குப் ‘பாயிண்ட்’. கடன் வாங்கிய சொல்தான். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் அந்தப் பெயரைச் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். ஆதாரம் கையில் இருக்க வேண்டும், சொல்கிறவர் அதற்காகக் கடைசிவரை நிற்க வேண்டும்.

ரசிக்க ஜூன் மாதம் வாருங்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை முதல் போகத்துக்கு எதிர்பார்த்திருக்கும் நேரம். விடியற்காலையில், கேரளத்து இடுக்கியின் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் உட்காருங்கள். பேச்சு எங்கே கிளம்பினாலும் முல்லைப் பெரியாறு அணையில்தான் வந்து நிற்கும்.

முதலில் எண்களைப் பிடியுங்கள். அணையின் நீர்மட்டத்தை 152 அடியிலிருந்து 136 ஆகக் குறைத்தது 1979இல். 142 வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2006இல், அதையே உறுதி செய்தது 2014இல். பள்ளத்தாக்கின் இருபோக வயல் 14,707 ஏக்கர். பள்ளிக்கூடம் பாதியில் விட்டவர்களும் இதைத் தடுமாறாமல் சொல்வார்கள்.

நான் கேட்டதிலேயே நல்ல பாயிண்ட் ஒன்று. “1895ல கட்டுனது மாமா, சுண்ணாம்புச் சாந்து. எத்தனை நாளைக்குத் தாங்கும்?” என்றான் ஒரு பையன். பெரியவர் கோபப்படவில்லை. “பழசுதான் மாப்ள, ஒத்துக்கிறேன்” என்றார். காலி கிளாஸை மேசையில் வைத்து ஒரு விரலால் தள்ளினார், ஓடியது. தண்ணீர் நிரப்பித் தள்ளினார், லேசில் நகரவில்லை. “அணை நிக்கிறது கனத்துல. அந்தக் கனத்துக்கு மேல கான்கிரீட் போட்டாச்சு, பின்னால முட்டுக் கொடுத்தாச்சு, கம்பிவடத்தைப் பாறை வரைக்கும் இறக்கியாச்சு.” பிறகு குரலை இறக்கி, “அணைக்குக் கீழ இருக்குற இடுக்கிக்காரன் பயமும் நெசந்தான். அவன் தோட்டத்துலதான நம்ம பொம்பளைக வேலை பாக்குறாக” என்றார்.

என்னைக் கேட்டால், பாயிண்ட் அந்தக் கடைசி வரிதான். எதிராளியின் பயத்தையும் சேர்த்துச் சுமந்த பிறகும் தன் கட்சியில் நிற்க முடிகிறதே, அந்த உறுதிக்கு நான் தலை வணங்குவேன். குரல் தாழும் இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

மறுநாளும் அதே பெஞ்சுக்குப் போங்கள். பையன் புதுக் கணக்கோடு வந்திருப்பான்.