வாசகத்தை மூடிவிட்டுப் பாருங்கள்

கேலிச்சித்திரத்தின் தரம் பார்க்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். படத்துக்குக் கீழே உள்ள வாசகத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு பார்ப்பேன். அப்போதும் படம் பேசினால் அது சித்திரம். பேசாவிட்டால் படம் போட்ட துணுக்கு. நூறாண்டுக்கு மேற்பட்ட தமிழ் அரசியல் கருத்துப்படங்களை இப்படி விரல் வைத்துப் பார்த்தபோது, அவை நான்கு மரபுகளாகப் பிரிவது தெரிந்தது. என் விரலுக்குக் கட்டுப்படாத படங்களும் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலாவது உருவக மரபு. 1906-இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் பாரதி கருத்துப்படங்களைத் தொடர்ந்து வெளியிட்டார். அவர் ஓவியர் அல்லர். எண்ணம் அவருடையது, கோடு பிறருடையது. 1908-இல் இதழ் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தபோது படங்களும் கூடவே போயின. 1910-இல் இதழ் நிற்கும்வரை அவை வந்தன. ஆ.இரா. வேங்கடாசலபதி தொகுத்த நூலில் அவற்றை இன்று சேர்த்துப் பார்க்கலாம். படத்தோடு விளக்கமும் அச்சாகியிருக்கும்: இவர் இன்னார், இது இன்னதைக் குறிக்கிறது என்று. இன்றைய கண்ணுக்கு அது மிகையாகப் படலாம். ஆனால் வைஸ்ராய்கள் கர்ஸன், மிண்டோ முகங்களைத் தமிழ் வாசகர் அன்றாடம் பார்த்துப் பழகிய காலமல்ல அது. முகம் தெரியாதவரைக் கேலி செய்ய, தெரிந்த உருவம் ஒன்றை இடையில் கொண்டுவரத்தான் வேண்டும்.

1937-38 இந்தி எதிர்ப்புக் காலத்தில் சுயமரியாதை இயக்கப் பத்திரிகைகளும் இதே வழியில் சென்றன. தமிழ்த்தாய் மீது ராஜாஜி கத்தி வீசும் ‘குடி அரசு’ படம் அதற்குச் சான்று. அதைப் பார்ப்பவருக்குச் சிரிப்பு வராது, கோபம் வரும். வரைந்தவர் வேண்டியதும் அதுதான்.

இரண்டாவது முக மரபு. இதன் தலைமகன் மாலி. 1930களில் ஆனந்த விகடனில் அவர் வரைந்த கோடுகள் இன்றைக்கும் ஈரம் காயாதவை. அரசியல்வாதிகளை மட்டுமல்ல, கச்சேரியில் பாடிக்கொண்டிருக்கும் வித்வான்களையும் சில வளைவுகளில் பிடித்துவிடுவார். பாடகரின் வாய் கோணுவதையும் மிருதங்கக்காரரின் தோள் ஏறுவதையும் பார்த்துப் பழகிய அந்தக் கண்ணுக்கு, மேடையில் பேசுகிற தலைவரும் ஒரு வித்வான்தான். கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு வந்த கோபாலனுக்குக் ‘கோபுலு’ என்றும், சீனிவாசனுக்குச் ‘சில்பி’ என்றும் பெயர் சூட்டியவர் அவரே. ஒருவர் கேலிக்கோட்டுக்குப் போனார், மற்றவர் கோயில் சிற்பங்களுக்குப் போனார். இருவரும் ஒரே ஆசிரியரிடம் கண் பழகியவர்கள்.

இந்த மரபுக்குத் தமிழ்நாட்டில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. ராஜாஜி, கருணாநிதி, எம்.ஜி.ஆர். என மூன்று முதலமைச்சர்களின் அடையாளமே கறுப்புக் கண்ணாடி. முகத்தில் அதிகம் பேசுவது கண். அது தெரியவே தெரியாது. நாளிதழில் இரண்டு கறுப்பு வட்டங்கள்தாம் மிஞ்சும். தொப்பி வைத்தால் எம்.ஜி.ஆர்., வழுக்கைத் தலையும் கைத்தடியும் சேர்த்தால் ராஜாஜி, தோளில் துண்டு தொங்கவிட்டால் கருணாநிதி. ஆளை அடையாளம் காட்ட இது போதும். ஆனால் அவர் கோபப்படுகிறாரா, பம்முகிறாரா, உள்ளுக்குள் சிரிக்கிறாரா என்பதைச் சொல்ல வேண்டுமே! நல்ல கைகள் அந்த வேலையைப் புருவத்திடமும் உதட்டோரத்திடமும் தோளிடமும் ஒப்படைத்தன. தொப்பியையும் துண்டையும் மாட்டிவிட்டு நிறுத்திக்கொண்ட கைகளும் உண்டு. தேர்ந்தவரையும் மற்றவரையும் நான் பிரித்தறிவது இந்த இடத்தில்தான்.

அச்சும் கோட்டைத் தீர்மானித்தது. ஆப்செட் வருவதற்கு முன் படத்தைத் துத்தநாகத் தகட்டில் பிளாக் எடுத்துத்தான் அச்சிட வேண்டும். லைன் பிளாக்கில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, சாம்பல் கிடையாது. மெல்லிய கோடு தகட்டிலேயே அரித்துப் போகும். நெருக்கிப் போட்ட கோடுகள் மலிவுத் தாளில் மை ஊறிக் கரும்பட்டையாகிவிடும். ஆகவே நாளிதழ்க்காரர்கள் தூரிகையால் தடிமனாக வரையவும், வெற்றிடத்தைத் துணிந்து விடவும் பழகினார்கள். அந்தத் தாராள வெள்ளைக்குப் பாதிக் காரணம் பிளாக் செய்யும் பட்டறை.

மூன்றாவது பேச்சு மரபு. 1970 ஜனவரியில் சோ தொடங்கிய ‘துக்ளக்’ முதல் இதழின் அட்டையில் இரண்டு கழுதைகள் பேசிக்கொண்டன. இங்கே நடிப்பதைவிட வசனம் பேசுவதே முக்கியம். சோ நாடகக்காரர் அல்லவா? தினமணியில் மதி வரைந்த ‘அடடே’ சிறு கட்டமும் இந்த வகைதான். காலையில் காப்பி ஆறுவதற்குள் படித்து முடித்துவிடலாம். என் கட்டைவிரல் சோதனையில் இவற்றில் பல தோற்கும். அதனால் என்ன? திண்ணைப் பேச்சைப் பத்திரிகைக்குக் கொண்டுவந்த மரபு அது. அதன் உயிர் காதில் இருக்கிறது.

நான்காவது சாமானியர் மரபு. மைசூர்த் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஆர்.கே. லக்ஷ்மண், டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் கட்டம் போட்ட கோட்டும் வேட்டியுமாக ஒரு மனிதரை உலவவிட்டார். அவர் வாயே திறப்பதில்லை. மந்திரிகள் பேசுவார்கள், அவர் பார்த்துக்கொண்டு நிற்பார். கடலுக்கு அப்பால் ‘சிரித்திரன்’ ஆசிரியர் சிவஞானசுந்தரம் படைத்த சவாரித் தம்பர் இதற்கு நேர்மாறு. யாழ்ப்பாணக் கிராமத்துப் பேச்சு அவர் வாயில் பொங்கி வழியும். ஒருவர் ஊமை, ஒருவர் வாயாடி. ஆனால் இருவரும் நிற்பது பெரிய மனிதர்களுக்குக் கீழே, தரையில்.

இனி, அளவுகோல் விஷயம். ஆளைப் பெயர்ச்சீட்டு இல்லாமல் அடையாளம் தெரிய வேண்டும். உடற்குறையையும் சாதியையும் கேலி செய்து சிரிப்பு வாங்கக் கூடாது. நடத்தையைத்தான் கேலி செய்ய வேண்டும். அடி மேல்நோக்கி விழ வேண்டும். இவற்றோடு என் கட்டைவிரலையும் சேர்த்துக்கொண்டு வெகுநாள் நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியைக் குலைத்தது 1987-இன் அட்டைப்படம்.

அந்த ஆண்டு ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று அடையாளம் சொல்லும் வகையில், இருவரையும் இரண்டு விதத் திருடர்களுக்கு ஒப்பிட்டது. எந்தத் தலைவரின் முகமும் அதில் இல்லை. வாசகத்தை மூடினால் ஒன்றுமே மிஞ்சாது. அதற்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் விடுதலை. பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கைது செல்லாது என்று கூறி ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. என் அளவுகோலில் அந்த அட்டைக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் அது யாரைச் சுட வேண்டுமோ அவர்களைச் சுட்டது. அதிகாரம் விரல் வைத்துப் பார்ப்பதில்லை. தன்னைக் கண்டுகொண்டால் போதும், கைது செய்துவிடும். 2017-இல், நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்ததை ஒட்டி வரைந்த படத்துக்காகக் கேலிச்சித்திரக்காரர் ஜி. பாலா கைதானபோதும் இதைப் பார்த்தோம்.

அப்படியானால் கோட்டின் தரத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும்? வழக்கு முடிந்த பிறகும், மந்திரியின் பெயர் மறந்த பிறகும் படம் மிஞ்ச வேண்டுமானால் கோடு வேண்டும். முதுமையில் கோபுலுவின் வலக்கை வாதத்தால் முடங்கியது. அவர் இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார். அந்தப் படங்களில் வாசகத்தோடு கையெழுத்தையும் சேர்த்து மூடிப் பார்த்தேன். யார் வரைந்தது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.